பழைய செங்கல் சுவரில் சாந்து உதிர்கிறது: குளிருக்கு முன் நிரப்பலாமா?

கேள்வி (ஈஸ்ட் யோர்க், ரொறன்ரோ)

வணக்கம். நாங்கள் இருப்பது 1920களில் கட்டப்பட்ட, இரட்டைச் செங்கல் சுவருள்ள வீடு. வடக்குச் சுவரில், தரையிலிருந்து இடுப்பளவு உயரம் வரைக்கும், செங்கற்களுக்கு இடையிலுள்ள சாந்து மணலாக உதிர்கிறது. சில இடுக்குகளில் விரல் நுனி உள்ளே போகிறது. முன்பு இங்கே இருந்தவர் அதே சுவரின் ஒரு பகுதியைச் சாம்பல் நிறச் சீமெந்தால் நிரப்பியிருக்கிறார். அந்தச் சீமெந்து இன்றும் கல்லாக நிற்கிறது. அதைச் சுற்றியுள்ள செங்கற்களின் முகமோ தகடு தகடாகக் கழன்று விழுகிறது. இது ஏன் என்று எனக்கு விளங்கவில்லை.

விலை கேட்டபோது வந்து பார்த்த ஒப்பந்தகாரர், சுவர் முழுவதையும் கிறைண்டரால் வெட்டி, எஸ் (S) வகைச் சாந்தால், அதாவது சீமெந்து கூடிய பலமான சாந்தால் நிரப்பி, மேலே நீர் புகாத சிலிக்கோன் திரவமும் அடித்துத் தருவதாகவும், நவம்பர் நடுப்பகுதிக்குள் வேலையை முடித்துவிடலாம் என்றும் சொன்னார். இப்போது செப்டெம்பர் இறுதி. எஸ் வகை பொருத்தமானதா, இந்த ஆண்டே செய்யலாமா, கீழ்ப்பகுதியை மட்டும் நானே செய்ய இயலுமா என்பதை அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில் (மார்க்கம்)

எங்கள் வீட்டில் முன்படியை ஒட்டிய செங்கல் வேலைக்கு எஸ் வகைதான் போட்டார்கள். பல குளிர்காலங்கள் கடந்தும் ஒரு கீறல்கூட இல்லை. பலமான சாந்து இருக்கும்போது பலம் குறைந்ததை ஏன் தேட வேண்டும்? வீடு 1988இல் கட்டியது.

பதில் (ஹமில்டன், பழைய கட்டடங்களில் மேசன் வேலை செய்பவர்)

மேலே எழுதியவரின் வீட்டில் அது சரியாக நின்றதற்குக் காரணம் அவருடைய பதிலின் கடைசி வரியிலேயே இருக்கிறது. 1988இன் செங்கல் உயர்ந்த வெப்பத்தில் ஒரே சீராகச் சுட்ட கடினமான செங்கல். அத்தகைய வீடுகளில் அது பெரும்பாலும் மரச் சட்டத்துக்கு வெளியே நிற்கும் ஒற்றை வரிசை மட்டுமே. கேள்வி கேட்டவரின் சுவர் அப்படியல்ல. இரண்டு வரிசைச் செங்கல்லும் சேர்ந்து வீட்டின் பாரத்தைத் தாங்குகின்றன. நீரை உறிஞ்சிப் பின்னர் வெளியே விட்டு உலர்வதுதான் அந்தச் சுவரின் இயல்பு.

நீர் உறையும்போது அதன் கனவளவு ஏறத்தாழ 9 சதவீதம் கூடுகிறது. ஈரம் ஊறிய செங்கல்லுக்குள் அது நடந்தால் முகம் பிளக்கும். ரொறன்ரோவில் ஒரே குளிர்காலத்துக்குள் வெப்பநிலை பூச்சியத்தின் மேலும் கீழுமாகத் திரும்பத் திரும்பப் போய்வருவதால், தொடர்ந்து உறைந்தே கிடக்கும் வடபகுதி ஊர்களைவிட இங்கே இந்தச் சேதம் அதிகம். சுண்ணாம்பு மிகுந்த பழைய சாந்து செங்கல்லைவிட மென்மையானது, நுண்துளைகள் நிறைந்தது. ஆகவே ஈரம் அதன் வழியாக வெளியேறுகிறது. தேய்வதும் உதிர்வதும் அதுவே. அதைப் பழுது என்று மட்டும் பார்க்கக் கூடாது. செங்கல்லுக்குப் பதிலாகத் தேய்வதற்காகவே அது வைக்கப்பட்டது. அந்த இடத்தில் அடர்ந்த சீமெந்தை வைத்து அடைத்தால் ஈரத்துக்குச் செங்கல்லின் முகத்தைவிட வேறு வழி கிடைப்பதில்லை. நீங்கள் காணும் தகடு உரிதல் அதன் விளைவுதான். உரிந்த செங்கல் இன்னும் வேகமாகக் கெடும். சூளையில் இறுகிய வெளித்தோல் போனபின் உள்ளே இருப்பது மென்மையான மண்.

அமெரிக்க நியமத்தின்படி 28 நாளில் எஸ் வகை குறைந்தது 1800 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இறாத்தல்) அமுக்கத்தைத் தாங்க வேண்டும். அதைவிட மென்மையான ‘என்’ (N) வகைக்கு அது 750, ‘ஓ’ (O) வகைக்கு 350. உங்கள் சுவருக்கு ஓ வகை போதும், அதாவது 1 பங்கு சீமெந்து, 2 பங்கு சுண்ணாம்பு, 9 பங்கு மணல். சீமெந்தே சேராத நீரிறுகு சுண்ணாம்பில் (நீரோடு சேர்ந்து இறுகும் சுண்ணாம்பு) 3.5 தரமும் பொருந்தும், விலைதான் கூடுதல். கூரைக்கு மேலே நிற்கும் புகைபோக்கியும் பழுதென்றால் தனியாகக் கேளுங்கள். காற்றும் மழையும் நாலாபுறமும் அடிக்கும் அந்த இடத்தில், செங்கல் தாங்குமானால், ‘என்’ (N) வகையை நான் ஏற்பேன்.

சாந்தைத் தொடுவதற்கு முன் ஒரு கேள்வி. இடுப்பளவுக்குக் கீழே மட்டும் ஏன் கெடுகிறது? ஆண்டுகள் கடந்ததுதான் காரணம் என்றால் சுவர் முழுவதும் ஒரேபோலத் தேய்ந்திருக்க வேண்டும். பீலியிலிருந்து இறங்கும் குழாய், சுவரை நோக்கிச் சரிந்த தரை, நடைபாதையில் பனிக்கு வீசும் உப்பு ஆகிய மூன்றையும் முதலில் பாருங்கள். விரிசல் எங்காவது படிக்கட்டுப் போல ஏறிப் போகிறதா, சுவர் புடைத்திருக்கிறதா என்பதையும் கவனியுங்கள். அப்படியிருந்தால் அது அத்திவாரம் அசைந்ததன் அடையாளமாக இருக்கலாம். அந்த நிலையில் கட்டமைப்புப் பொறியியலாளர் பார்க்கும்வரை மேசனைக் கூப்பிட வேண்டாம்.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி, ஐயா. படிக்கட்டு விரிசல் எதுவும் இல்லை. மழை பெய்தபோது வெளியே நின்று பார்த்தேன். இறங்கு குழாயின் முழங்கைப் பொருத்து திறந்திருக்கிறது. நீர் நேராகச் சுவரில் வடிகிறது. பக்கத்து நடைபாதையில் ஒவ்வொரு குளிர்காலமும் உப்பு போடுகிறோம். அந்த உயரத்தில் செங்கல்லில் உப்பு வெள்ளையாகப் பூத்தும் இருக்கிறது. பழைய சாந்தைத் திறப்பால் சுரண்டினால் உதிர்கிறது. உள்ளே சிறு வெள்ளைக் கட்டிகள் தெரிகின்றன. வினாகிரி விட்டால் நுரைக்கிறது. குழாயைத் திருத்திவிட்டு ஒக்டோபரில் தொடங்கலாமா? துளைகளோடு இன்னொரு குளிர்காலத்தை விடப் பயமாக இருக்கிறது.

பதில் (ஹமில்டன்)

வினாகிரிச் சோதனையை நம்ப வேண்டாம். இறுகிப் பல ஆண்டுகளான சீமெந்துச் சாந்தும் சுண்ணக்கல் மணலும்கூட நுரைக்கும். உங்களுடையது சுண்ணாம்புச் சாந்து என்பதற்கு அந்த வெள்ளைக் கட்டிகள்தான் நல்ல சான்று; சுண்ணாம்பு முழுமையாகக் கலவாமல் நின்றவை அவை.

இந்த ஆண்டு குழாயைத் திருத்துங்கள், தரையைச் சுவரிலிருந்து விலகிச் சரியும்படி செய்யுங்கள், நடைபாதைக்கு உப்புக்குப் பதிலாக மணல் வீசுங்கள். சாந்து வேலையை மே இறுதிக்கோ ஜூனுக்கோ தள்ளிவையுங்கள். சாந்து நிரப்பும்போதும் அதன் பின்னரும் வெப்பநிலை 5 பாகை செல்சியசுக்குக் கீழே போகக் கூடாது. சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை எடுத்து மெல்ல மெல்ல இறுகுவது. அதற்கு உறைபனி இல்லாத பல வாரங்கள் தேவை. ஒக்டோபரின் பிற்பகுதி இரவுகளை நம்பி அதைச் செய்ய இயலாது. நீர் வடிவது நின்று உலர்ந்த சுவரில் திறந்து கிடக்கும் இடுக்கு ஒரு குளிர்காலத்தைத் தாங்கும். பச்சையாக உறைந்த சாந்தோ வசந்தத்தில் பொடியாகக் கொட்டும், அதைத் தோண்டி எடுக்கும் கூலியும் உங்கள் தலையிலேயே விழும். நவம்பரிலும் செய்யலாம் என்று சொல்பவர் சுவரைச் சுற்றிக் கூடாரம் அடித்து வெப்பமூட்டுவாரா என்று கேளுங்கள். இறுக்கத்தை விரைவுபடுத்தக் கல்சியம் குளோரைட்டு கலப்பார் என்றால் மறுத்துவிடுங்கள். அது சுவருக்குள் உப்பைச் சேர்ப்பதோடு உள்ளிருக்கும் இரும்பையும் அரிக்கும்.

வேலையைப் பற்றி: கீழ்ப்பகுதியை நீங்களே செய்யலாம், பொறுமைதான் வேண்டும். இடுக்கின் அகலத்தைப் போல இரண்டு முதல் இரண்டரை மடங்கு ஆழத்துக்குப் பழைய சாந்தை எடுங்கள். சாதாரணமாக அது முக்கால் அங்குலம் முதல் ஒரு அங்குலம் வரை வரும். மென்மையான சாந்துக்கு ஒடுங்கிய உளியும் சுத்தியலும் போதும். கிறைண்டர் நிலைக்குத்து இடுக்குகளில் மேலும் கீழும் உள்ள செங்கல்லை வெட்டாமல் திரும்புவது அரிது. அந்த வெட்டு நிரந்தரம். பழைய சாம்பல் சீமெந்தில் மட்டும், கிடை இடுக்குகளின் நடுவே ஒரு கோடு இழுத்துவிட்டு மிச்சத்தை உளியால் எடுக்கலாம். சீமெந்து செங்கல்லை விட மறுத்தால் அங்கேயே விட்டுவிடுங்கள்.

கலவைக்கு முதலில் உலர்ந்த பொருட்களைக் கலந்து, உருண்டை பிடித்தால் நிற்கும் அளவுக்கு மட்டும் நீர் தெளித்து, ஒரு மணி நேரம் வைத்திருந்து, பிறகு வேண்டிய நீரைச் சேர்க்க வேண்டும். இப்படிச் செய்தால் சாந்து பின்னர் சுருங்குவது குறையும். முதல் நாளே சுவரை நனைத்துவிடுங்கள். நிரப்பும் வேளையில் செங்கல் உள்ளே ஈரமாகவும் மேலே நீர் பளபளக்காமலும் இருப்பது நல்லது. உலர்ந்த செங்கல் சாந்தின் நீரைக் குடித்துவிடும். கால் அங்குலத் தடிப்புள்ள அடுக்குகளாக அழுத்தி நிரப்புங்கள். பெருவிரலால் அமுக்கினால் தடம் பதிந்தும் சாந்து ஒட்டாமலும் இருக்கும்போது அடுத்த அடுக்கைப் போடலாம். கடைசி அடுக்கை உட்குழிவாக இழைத்தால் நீர் வழிந்தோடும். செங்கல்லின் விளிம்பு தேய்ந்து வட்டமாகியிருந்தால் சாந்தைச் சற்று உள்வாங்கியே நிறுத்துங்கள். முகத்தோடு சமமாக இழுத்தால் ஓரம் காகிதமாக மெலிந்து முதல் பனியிலேயே கழன்றுவிடும். முடிந்ததும் நனைந்த சணல் சாக்குகளைத் தொங்கவிட்டு, வெயிலும் காற்றும் நேரே படாமல் சில நாட்கள் ஈரமாக வைத்திருங்கள்.

முகம் உரிந்த செங்கற்களை மேசன் கழற்றி, பின்பக்கம் நன்றாக இருந்தால் திருப்பி வைக்கலாம். பழைய செங்கல் வாங்குவதானால் வெளிமுகச் செங்கல்தானா என்று பாருங்கள். உள்வரிசைக்குப் பயன்பட்ட, சரியாக வேகாத செங்கற்களையும் அதே குவியலில் விற்பார்கள். வெளியே வைத்தால் அவை நீடிக்காது.

பதில் (ஒட்டாவா)

இரண்டு விடயங்களை மட்டும் சேர்க்கிறேன். சிலிக்கோன் திரவத்தைத் தவிர்த்துவிடுங்கள். மழைநீரை அது ஓரளவு தடுக்கும் என்பது உண்மைதான். ஆனால் நிலத்திலிருந்தும் வீட்டுக்குள்ளிருந்தும் வரும் ஈரமும் உப்பும் அந்தப் படலத்துக்குப் பின்னே தேங்கும். அங்கே உறைந்தால் முகம் முழுவதும் போய்விடும். மற்றது தூசி. சாந்திலும் செங்கல்லிலும் படிகச் சிலிக்கா உண்டு, அது நுரையீரலில் ஆறாத தழும்பை உண்டாக்கும். உளி வேலைக்குக்கூட முகத்தோடு இறுகிப் பொருந்தும் என்-95 முகமூடி அணியுங்கள், சுவரை நனைத்துக்கொண்டே வேலை செய்யுங்கள். துணி கட்டிக்கொள்வது போதாது. அந்தச் சுவருக்கு உள்ளே அண்மையில் வெப்பக்காப்பு ஏதும் அடித்தீர்களா?

கேள்வி கேட்டவர்

இல்லை, நிலக்கீழ் அறைக்கு அடிக்க நினைத்திருந்தோம். கடையில் சுண்ணாம்புப் பை பார்த்தேன். அதிலும் எஸ் வகை என்று போட்டிருக்கிறது. அதை வாங்கலாமா?

பதில் (ஹமில்டன்)

வாங்கலாம். அந்த எஸ் சுண்ணாம்பின் தரத்தைக் குறிப்பது. எஸ் வகைச் சாந்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. தோட்டத்துக்குப் போடும் சுண்ணாம்பை மட்டும் எடுத்துவிடாதீர்கள், அது இறுகாது. மணலின் நிறம்தான் சாந்தின் நிறத்தைத் தீர்மானிக்கும். எனவே சுவரின் மறைவான மூலையில் ஒரு சதுர அடி நிரப்பி, நன்றாகக் காய்ந்த பிறகு பழையதோடு ஒப்பிடுங்கள். ஈரமாக இருக்கும்போது எல்லாமே கருத்துத்தான் தெரியும்.

பதில் (ஒட்டாவா)

வெப்பக்காப்பைப் பொறுத்தவரை, உள்ளே அடித்ததும் வீட்டின் சூடு செங்கல்லுக்குப் போவது நின்றுவிடும். சுவர் கூடுதல் குளிராகவும் கூடுதல் நேரம் ஈரமாகவும் இருக்கும். வெள்ளை பூத்த சுவரில் இப்போது அடிக்க வேண்டாம். குழாயைத் திருத்தி, சாந்தும் நிரப்பி, ஒரு குளிர்காலம் கழிந்தபின் சுவர் உலர்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.