ஓசூரிலிருந்து 6 மாசம் ஜெர்மனி வேலை: கையில் எவ்வளவு யூரோ இருக்கணும்?

சிப்காட்_ஃபிட்டர் (ஓசூர்)

வணக்கம். சிஎன்சி மெஷின் பராமரிப்புப் பிரிவில் வேலை. ஜனவரி 5 முதல் 6 மாசத்துக்கு ஸ்டுட்கார்ட் பக்கம் இருக்கும் தாய்க் கம்பெனிக்கு அனுப்புறாங்க. சம்பளம் வழக்கம்போல இங்கேயே கணக்கில் ஏறும், வீட்டுக்கடன் தவணை அதில் போயிடும். அங்கே தினப்படி 45 யூரோ. டிக்கெட், விசா, இன்சூரன்ஸ் கம்பெனி செலவு. தங்க இடம் முதல் 15 நாளுக்கு மட்டும், அதுக்கப்புறம் நாமே பார்த்துக்கணும். படி மாசக் கடைசியில் பில் போட்டு வாங்கணுமாம். கையில் எவ்வளவு கொண்டுபோகணும்? மாசம் எவ்வளவு மிஞ்சும்? கிளம்புறதுக்குள்ள வேற என்ன முடிக்கணும்?

தர்மபுரி_கணக்கர்

"எவ்வளவு மிஞ்சும்"ங்கிறதை அப்புறம் பாருங்க. முதல் 45 நாளைத் தாண்டுறதுதான் உங்களுக்குச் சிக்கல். ஜனவரி படிக்கு மாசக் கடைசியில் பில் போட்டா, பணம் வர பிப்ரவரி நடு ஆயிடும். அதுவரைக்கும் கைக்காசு.

அங்கே வாடகையில் ரெண்டு கணக்கு. சுவருக்கு மட்டும் ஒண்ணு, ஹீட்டர், தண்ணி எல்லாம் சேர்த்து ஒண்ணு. முன்னதுக்குக் கால்ட்மீட்டெ, பின்னதுக்கு வார்ம்மீட்டெ. விளம்பரத்தில் எது போட்டிருக்குன்னு பாருங்க. அட்வான்ஸ் கால்ட்மீட்டெ கணக்கில் அதிகபட்சம் 3 மாசம், சட்டமே அதுதான்.

சாமான் போட்ட அறை கால்ட் 600, வார்ம் 750, அட்வான்ஸ் 2 மாசம்னு வச்சுக்கிட்டா: அட்வான்ஸ் 1,200, முதல் வாடகை 750, சாப்பாடு 45 நாளுக்கு 375, ரெண்டு மாச டாய்ச்லாண்ட் டிக்கெட் (பஸ், லோக்கல் ரயிலுக்கு மாசப் பாஸ்) 126, சிம் 30, பாத்திரம் படுக்கை 150, குளிர் ஜாக்கெட்டும் ஷூவும் 150. மொத்தம் 2,781 யூரோ. யூரோவை 105 ரூபாய்னு போட்டா 2.9 லட்சத்துக்கு மேல. சொந்தக் காசைப் போடாதீங்க. ரெண்டு மாசப் படி 2,700 யூரோவை முன்பணமா எழுதிக் கேளுங்க. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி கேட்டாத்தான் கிடைக்கும்.

பிறகு மாசச் செலவு: வாடகை 750, சாப்பாடு 250, டிக்கெட் 63, சிம் 15, சோப்பு, துணி துவைக்க, முடிவெட்ட 60. ஆக 1,138. படி 1,350. மிச்சம் 212. வெளிச்சாப்பாடு வாரம் ரெண்டு தடவைன்னா அதுவும் கரையும். அட்வான்ஸ் 1,200 ஊர் திரும்பின பிறகும் மாசக்கணக்கில் இழுக்கும், ஏன்னா ஹீட்டர் கணக்கு முடியணும்னு கொஞ்சம் பிடிச்சு வைப்பாங்க. அதைச் சேமிப்புக் கணக்கில் சேர்க்காதீங்க.

டாய்ச்லாண்ட் டிக்கெட் சந்தா முறை. 10-ம் தேதிக்குள் ரத்து சொல்லலைன்னா அடுத்த மாசமும் 63 யூரோ போயிடும். ஜூன் கடைசியோட முடிக்கணும்னா ஜூன் 10-க்குள்ள சொல்லுங்க.

கார்டு: நம்ம டெபிட் கார்டில் வெளிநாட்டுப் பயன்பாடு பூட்டித்தான் இருக்கும், ஆப்ல போய்த் திறக்கணும். ஏடிஎம் "ரூபாயிலா யூரோவிலா"ன்னு கேட்டா யூரோவைத் தொடுங்க. ரூபாய்னு தொட்டா அந்த மெஷின்காரன் வச்ச ரேட்டுதான்.

ராயக்கோட்டை_ரோடு

மேல சொன்ன கணக்கு சரிங்க, ஆனா அடிப்படையிலேயே ஒண்ணு இடிக்குது. போறது பயிற்சிக்கா, வேலைக்கா? வேலைன்னா ஜெர்மன் குறைந்தபட்சக் கூலி வெளிநாட்டுக் கம்பெனி அனுப்புற ஆளுக்கும் பொருந்தும். 2026-ல் மணிக்கு 13.90 யூரோ. வாரம் 40 மணி நேரம்னா மாசம் 2,400 யூரோவைத் தொடும். தங்கவும் சாப்பிடவும் கொடுக்கிற படியைக் கூலின்னு காட்ட முடியாது. இந்தியச் சம்பளம் மட்டும் வச்சு அந்த அளவைத் தொட முடியலைன்னா விசா கட்டத்திலேயே நிக்கும். "எந்த வகை விசா, அதில் மாசம் எவ்வளவு சம்பளம்னு காட்டுறீங்க"ன்னு எச்.ஆர்.கிட்ட மெயில்ல கேளுங்க. வாய்ப்பேச்சு வேண்டாம்.

90 நாளுக்கு மேலன்னா ஷெங்கன் பிசினஸ் விசா ஆகவே ஆகாது, டி விசாதான் (90 நாளுக்கு மேல தங்க ஜெர்மனி தர்ற விசா), கட்டணம் 75 யூரோ. பெங்களூர் பக்கத்துலதானேன்னு அங்கே அப்பாயின்ட்மென்ட் போட்டுடாதீங்க. வசிக்கிற மாநிலத்தை வச்சுத்தான் பிரிப்பு, ஓசூர் முகவரி சென்னைக்கு.

பிஎஃப் பக்கம்: இந்தியா–ஜெர்மனி சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் 2017 மே 1 முதல் நடப்பில் இருக்கு. இபிஎஃப்ஓ தளத்தில் கம்பெனி வழியா கவரேஜ் சான்று (பிஎஃப் இங்கேயே கட்டுறோம்ங்கிற சான்று) வாங்கிட்டா, அங்கே ஓய்வூதியத்துக்கு மறுபடியும் பிடிக்க மாட்டாங்க. கிளம்புறதுக்கு முன்னாடியே கையில் இருக்கணும். அது மருத்துவக் காப்பீடு ஆகாது, அது தனி. சாதாரண டிராவல் பாலிசி சர்க்கரை, பிரஷர் மாதிரி பழைய நோயை ஒதுக்கிடும், வாசிச்சுப் பாருங்க. பல் வேலை பாக்கி இருந்தா இங்கேயே முடிச்சிடுங்க.

வரி: 183 நாள் தாண்டாம, சம்பளம் இந்தியக் கம்பெனியே கொடுத்து, அதை ஜெர்மன் கம்பெனி தலையில் கட்டாம இருந்தா அங்கே வருமான வரி இல்லை. இறங்குற நாள், கிளம்புற நாள் ரெண்டும் கணக்கில் வரும். ஜனவரி 5-ல் இறங்கினா ஜூலை 6 தான் 183-வது நாள். "இன்னும் ஒரு வாரம் இரு"ன்னு அங்கத்த மேனேஜர் சொன்னா முதல்ல காலண்டரைப் பாருங்க. படிக்கான பில் எல்லாத்தையும் போட்டோ எடுத்து வைங்க, இங்கே வரிக் கணக்குக்கு வேணும்.

காவேரிப்பட்டணம்_மாந்தோப்பு

பெட்டி விஷயம் மட்டும் சொல்றேன்.

பால், இறைச்சி சேர்ந்தது எதுவும் ஐரோப்பாவுக்குள்ள கொண்டுபோகக் கூடாது. நெய், பால்கோவா, பன்னீர் எல்லாம் பறிமுதல். பச்சைக் கறிவேப்பிலையும் மாம்பழமும் அப்படித்தான். நம்ம ஊர்க்காரங்களுக்கு இது கஷ்டம்தான். கருவாடு சட்டப்படி போகலாம், ஆனா பக்கத்து அறைக்காரன் சும்மா விடணுமே.

கேழ்வரகு மாவு 3 கிலோ, சாம்பார்ப்பொடி, ரசப்பொடி தலா அரைக் கிலோ, புளி அரைக் கிலோ போதும். மாவு கம்பெனி பாக்கெட்டிலேயே இருக்கட்டும். பேர் இல்லாத பொடியைக் கவரில் கட்டினா பிரிச்சுக் கொட்டித்தான் பார்ப்பாங்க. அரிசி, பருப்பு அங்கேயே ஆசியக் கடையில் கிடைக்கும், எடையை வீணாக்காதீங்க.

குக்கர் 3 லிட்டர், அடி தட்டையா, காந்தம் ஒட்டுற மாதிரி வாங்குங்க. கண்ணாடி அடுப்பு, இண்டக்ஷன் ரெண்டுக்கும் ஒத்துவரும். அலுமினியக் குக்கர் இண்டக்ஷன்ல சூடே ஆகாது. காஸ்கெட் ஒண்ணு கூடுதலா.

மாத்திரை டாக்டர் சீட்டோட, சொந்தத் தேவைக்கு 3 மாச அளவு வரைதான். பாக்கி 3 மாசத்துக்கு என்ன பண்றதுன்னு டாக்டர்கிட்ட முன்னாடியே பேசுங்க. பவர்பேங்க் கைப்பையில் மட்டும். நம்ம மூணு முள் பிளக் அங்கே பொருந்தாது, அடாப்டர் ரெண்டு. ஓடிபி வர்ற சிம்முக்கு ரோமிங் திறந்து, ஆறு மாசத்துக்கும் வேலிடிட்டி இருக்கிற மாதிரி ரீசார்ஜ் பண்ணிட்டுக் கிளம்புங்க.

சிப்காட்_ஃபிட்டர் (ஓசூர்)

ரொம்ப நன்றிங்க. எச்.ஆர்.க்கு மெயில் போட்டுட்டேன். இன்னொண்ணு: ஒரு அறை 480 யூரோன்னு ஆன்லைன்ல பார்த்தேன். உரிமையாளர் வெளியூர்ல இருக்காராம், அட்வான்ஸ் அனுப்பினா சாவி கூரியர்ல வருமாம். போடலாமா?

தர்மபுரி_கணக்கர்

போடவே போடாதீங்க. அது ஏமாத்து வேலை, அறையே இருக்காது. அங்கே இறங்கி, உள்ளே நுழைஞ்சு பார்த்து, ஒப்பந்தம் கையில் வந்தப்புறம்தான் காசு. இன்னொரு வழி, ஃபிட்டர் ஆளுங்களுக்குன்னே வாடகைக்கு விடுற "மோன்டோர்சிம்மர்". சமையலறை இருக்கும், பெரும்பாலும் அட்வான்ஸ் கிடையாது. ஒரு இரவுக்கு 25 யூரோன்னா மாசம் 750, அதே கணக்குதான், ஆனா 1,200 முடங்காது.

எந்த அறையானாலும் முதல்ல ஒரு கேள்வி: "பதிவுக்குக் கையெழுத்துப் போடுவீங்களா?" குடிபோன 2 வாரத்துக்குள்ள நகராட்சியில் முகவரி பதியணும், அதுக்கு வீட்டுக்காரர் சான்று வேணும். குறைஞ்ச நாள் வாடகைக்கு விடுறவங்க பல பேர் அதைத் தர மாட்டாங்க, அப்புறம் தங்கும் அனுமதி வேலையும் நின்னுடும். பதிவு பண்ணினதும் ரேடியோ-டிவி கட்டணம் மாசம் 18.36 யூரோன்னு தபால் வரும். வீட்டுக்கு ஒண்ணுதான், கூட இருக்கிறவர் கட்டிட்டிருந்தா அவர் நம்பரைக் கொடுத்தாப் போதும்.