ஸ்டென்ட் வைத்த அப்பாவுக்குப் பல் பிடுங்க மாத்திரையை நிறுத்தச் சொல்கிறார்கள், என்ன செய்வது?

வணக்கம். அப்பாவுக்கு 62 வயது, மாரடைப்பு வந்து ஸ்டென்ட் (இதய ரத்தக்குழாயைத் திறந்து வைக்கும் சின்ன வலைக்குழாய்) வைத்து 4 மாதம்தான் ஆகிறது. ரத்தம் உறையாமல் இருக்க ஆஸ்பிரின் 75 மி.கி. தினம் ஒன்று, டிகாக்ரெலார் 90 மி.கி. காலையும் இரவும் எடுக்கிறார். ஒரு வருடத்துக்கு ஒரு வேளைகூட விடக்கூடாது, விட்டால் ஸ்டென்டுக்குள் ரத்தம் உறைந்து அடைத்துவிடும் என்று இதய டாக்டர் அழுத்திச் சொல்லி அனுப்பினார். இப்போது கடைவாய்ப் பல் சொத்தையாகி ராத்திரியெல்லாம் தூங்காமல் தவிக்கிறார், பல் டாக்டரோ 5 நாள் மாத்திரையை நிறுத்திவிட்டு வாருங்கள் என்கிறார். எனக்குப் பயமாக இருக்கிறது. இதய டாக்டரைத் திங்கள்கிழமைதான் பார்க்க முடியும், அவரைக் கேட்காமல் எதையும் நிறுத்த மாட்டேன். வலிக்கு இப்போதைக்கு பாராசிட்டமால் மட்டும் கொடுக்கிறேன்.

உங்கள் வீட்டில் யாருக்காவது மாத்திரையை நிறுத்தாமலேயே பல் எடுத்திருக்கிறார்களா? ரத்தம் நிற்க எவ்வளவு நேரம் ஆனது, தையல் போட்டார்களா? அப்புறம், டாக்டரிடம் மறக்காமல் என்னென்ன கேட்க வேண்டும் என்றும் சொல்லுங்கள்.