ரூட்டிங் ஹார்மோன்: வேரூக்கியா, வேர்தூண்டியா?

அனைவருக்கும் வணக்கம். நம் கையேட்டில் 'ரூட்டிங் ஹார்மோன்' என்பதற்குத் தமிழில் என்ன பெயர் வைப்பது என்ற பேச்சில், ஆக்சினை (செடியே சுரக்கும் வளர்ச்சி ஹார்மோன்) பற்றி ஒருவர் இப்படி எழுதியிருந்தார்:

> ஆக்சினுக்கே வேரூக்கி என்று பெயர் வைத்துவிட்டால் ஒரே கல்லில் இரண்டு மாங்காய்.

ஒன்றுகூட விழாது என்று நினைக்கிறேன். வேர் வரவைப்பது ஆக்சினின் பல வேலைகளில் ஒன்றுதான். நுனிமொட்டு பக்கமொட்டுகளை அடக்கி வைப்பதும், செடி வெளிச்சத்தின் பக்கம் வளைவதும் அதனால்தான். பிஞ்சு உதிராமலிருக்க அடிக்கிற என்.ஏ.ஏ.யும் ஆக்சின் வகை. களைக்கு அடிக்கிற 2,4-டியும் அதே வகை. களைக்கொல்லியைப் போய் வேரூக்கி என்பதா? வேருக்கென்றே தனிப்பொருள் உண்டு என்று கருதி 1933இல் 'ரைசோகலின்' என்று பெயர்கூட வைத்தார்கள். அப்படி ஒன்றை யாரும் பிரித்தெடுக்கவே இல்லை. ஆக்சின் ஆக்சினாகவே இருக்கட்டும்.

நமக்குப் பெயர் தேவைப்படுவது, நர்சரியில் குச்சியின் அடியைத் தொட்டு நடுகிற பொடிக்கும் கரைசலுக்கும். அதற்கும் 'வேரூக்கி' சரிவராது. உரக்கடையில் ஹ்யூமிக் அமிலத்தை 'வேர் வளர்ச்சி ஊக்கி' என்றுதான் விற்கிறார்கள். அது ஏற்கெனவே இருக்கிற வேருக்கு. அந்தப் பொடியிலும் கரைசலிலும் இருக்கிற ஐ.பி.ஏ. என்ற ஆக்சின் வகையோ வேரே இல்லாத தண்டில் வேரைக் கிளப்புகிறது. மாதுளைக் குச்சிக்கு 2000 பி.பி.எம்., அதாவது லிட்டருக்கு 2 கிராம். சில நொடி முக்கினால் போதும். செறிவு கூடிப்போனால் வந்த வேரும் நீளாது. இதைப் போய் வளர்ச்சி ஊக்கி என்று எப்படிச் சொல்வது?

கொய்யா விண்பதியத்தை (மரத்திலிருக்கும் கிளையிலேயே பட்டையை வளையமாக உரித்து, மூடிக் கட்டி வேர் வரவைப்பது) பிரித்துப் பாருங்கள். பட்டை உரித்த வளையத்தின் மேல்விளிம்பில்தான் வெள்ளை வேர் கொத்தாக நிற்கும். நுனியிலிருந்து இறங்குகிற ஆக்சின் அங்கேதான் தேங்குகிறது. வேர் வரவைக்கும் பசை தடவுகிறவர்களும் அந்த விளிம்பில்தான் தடவுகிறார்கள். நடப்பது தூண்டல்.

ஆகவே என் ஓட்டு 'வேர்தூண்டி'க்கு. ஒற்று மிக வேண்டாமா என்று இலக்கணம் அறிந்தவர்கள் கேட்பார்கள். 'வேர்த்தூண்டி' என்றால் யாருக்கோ வேர்த்துக் கொட்டுவது போல இருக்கிறது, விட்டுவிடலாம். 'வேர்விடுவிப்பி' வாயில் நுழையவில்லை. கையேட்டில் வேர்தூண்டிப் பொடி, வேர்தூண்டிக் கரைசல் என்று இயல்பாக வரும். 'ஹார்மோன்' வேண்டாம், டப்பாவில் இருப்பது பெரும்பாலும் ஆலையில் செய்த ஐ.பி.ஏ. நர்சரிக்காரர் 'ரூட் பவுடர்' என்றுதான் கேட்பார், கேட்கட்டும்.

தண்டு போன்ற இடங்களில் கிளம்பும் வேருக்கான 'வேற்றிட வேர்' என்ற சொல் பாடநூலில் ஏற்கெனவே இருப்பதால் அதைத் தொட வேண்டாம். காலஸுக்கு (வெட்டிய இடத்தில் திரளும் திசு) வந்திருக்கும் 'காயத்திசு' பற்றி எனக்கு மறுப்பு உண்டு. அதைத் தனி இழையில் எழுதுகிறேன்.