சிங்களப் பாடகி யொஹானியின் பாட்டு திருகோணமலையில் உங்களுக்கு எங்கே எதிர்ப்பட்டது?

உப்புவெளிச் சித்தி:

பாட்டையும் பாடகியையும் பற்றி இங்கே யாருக்கும் விளக்கத் தேவையில்லை. 'மெனிகே மகே ஹிதே' 2021 மே மாதம் யூடியூப்பில் வந்ததிலிருந்து நம் ஊரில் அதைக் கேட்காத ஆட்டோ இல்லை. எனக்கு ஒரே ஒரு சம்பவம் மனதில் கிடந்து உறுத்துகிறது, அதை எழுதிவிடுகிறேன்.

அக்காவின் மகன் உப்புவெளிக் கடற்கரையில் ஒரு விடுதியில் பின்னேரங்களில் கிற்றார் வாசித்துப் பாடுவான். சாம்பல்தீவுப் பெடியன், சொந்தமாக எழுதி மெட்டும் போடுகிறவன். அன்று நானும் போயிருந்தேன். முன்மேசையில் வட இந்தியாவிலிருந்து வந்த ஒரு குடும்பம். "மெனிகே, மெனிகே" என்று கேட்டார்கள். பாடினான். பிள்ளைகள் மணலில் இறங்கி ஆடினார்கள். அந்த அம்மா முழுப் பாட்டையும் போனில் எடுத்தா. நல்ல கைதட்டல். அந்தச் சூட்டோடு சூடாகத் தன்னுடைய பாட்டு ஒன்றைத் தமிழில் தொடங்கினான். பல்லவியே முடியவில்லை, அந்த அம்மா போனைக் கைப்பைக்குள் வைத்து ஸிப்பை இழுத்தா. எனக்கு அந்த ஸிப் சத்தம் கேட்டது. அவனுக்கும் கேட்டிருக்கும், ஏனென்றால் என் பக்கம் திரும்பிப் பார்த்தான். பாட்டை மட்டும் நிறுத்தவில்லை, கடைசி வரி வரை பாடினான்.

யொஹானி மீது எனக்கு ஒரு கோபமும் இல்லை. அந்தப் பிள்ளை உயர்ந்தது சந்தோசம். ஆனால் நம் பிள்ளைகளின் பாட்டை அப்படி ஒருவர் நின்று கேட்க என்ன வழி?

மூதூர் மீன் வியாபாரி:

தங்கச்சி, உங்கள் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் அந்தப் பாட்டு என்னிடமும் வந்தது, வேறு மாதிரி.

2021 கொரோனாப் பயணத்தடைக் காலம். தம்பி டோஹாவில். அவனோடு அறையில் இருந்த மலையாளிகள் அவனைப் பிடித்துக்கொண்டார்கள், "உன்னுடைய நாட்டுப் பாட்டுத்தானே, வரிகளை எழுதித் தா" என்று. அவனுக்கும் எனக்கும் சந்தைச் சிங்களம்தான் தெரியும். விலை சொல்லலாம், பாட்டுப் பிடிபடாது. சேருநுவரவில் என்னிடம் மீன் வாங்கும் ஒரு தேநீர்க்கடை அக்காவுக்குப் போன் எடுத்துக் கேட்டேன். கடையும் பூட்டு, எனக்கும் வியாபாரம் இல்லை, இரண்டு பேருக்கும் நேரம் இருந்தது. அந்த மனிசி ஒவ்வொரு வரியாகக் குரல்பதிவு அனுப்பினா. ஒரு வரி பாடுவா, கொஞ்சம் பொறுப்பா, பிறகு கொச்சைத் தமிழில் "எழுதினதா?" என்று கேட்பா. நான் பதில் சொல்ல முடியாது, அது பதிவு. ஆனாலும் வரிக்கு வரி நின்று கேட்டா. யொஹானியோடு சேர்ந்து பாடும் சதீஷனின் பகுதி வந்ததும் "இது வேகம், எனக்கு ஏலாது" என்று இரண்டு தடவை சிரித்துவிட்டு, மூன்றாம் தடவை முழுதாகப் பாடி அனுப்பினா. அப்படியே டோஹாவுக்குத் தள்ளிவிட்டேன். அங்கே அந்தப் பெடியன்கள் அதை மலையாள எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டினார்கள். தம்பி படம் அனுப்பினான்.

அமிதாப் பச்சன் அந்தப் பாட்டைப் பகிர்ந்ததும், இண்டிகோ விமானப் பணிப்பெண் ஒருவர் அதற்கு ஆடிய வீடியோ ஓடியதும் அதற்குப் பிறகுதான் எங்களுக்குத் தெரியும். எனக்கு அந்தப் பாட்டு என்றால் அந்த அக்காவின் குரல்தான். யொஹானியின் குரலை அதற்குப் பிறகுதான் ஒழுங்காகக் கேட்டேன்.

கட்டைபறிச்சான்:

எல்லோரும் சந்தோசமாக எழுதுகிறீர்கள். நானும் என் அனுபவத்தைச் சொல்கிறேன்.

நகரத்தில் ஒரு மண்டபத்தில் சொந்தக்காரர் கலியாணம். பந்தி நடக்கும்போது டிஜே பெடியன் இந்தப் பாட்டைப் போட்டான். என் மாமனார் சம்பூர் ஆள். 2006 இல் போரால் இடம்பெயர்ந்து, முகாம் முகாமாக இருந்து, காணி திரும்பக் கிடைக்க 2015 க்குப் பிறகும் அலைந்தவர். பாடுவது யார், தந்தை யார் என்று பக்கத்தில் இருந்தவர் அவருக்குப் பெருமையாக விளக்கினார், "மேஜர் ஜெனரலின் மகள்" என்று. மாமனார் இலையை மடித்தார். பாயசம் வரவில்லை, சோறு பாதி கிடந்தது. எழும்பிப் போய்க் கை கழுவினார். யாரோடும் சண்டை இல்லை, ஒரு சொல் இல்லை. வாசலில் நின்று மொய்யையும் கொடுத்துவிட்டு வந்தார்.

அந்தப் பிள்ளை நன்றாகப் பாடுகிறது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் இலங்கையின் பெருமை என்று கொண்டாடும்போது, மடித்த அந்த இலையையும் ஒரு பக்கம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஓர்ஸ்ஹில் மாணவி:

அண்ணை, உங்கள் மாமனாரின் வேதனையை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பெண் பிறந்தது 1993 ஜூலையில். தந்தை எந்தச் சீருடை போடுவது என்பதை எந்தப் பிள்ளை முடிவு செய்கிறது? அந்தப் பாட்டில் போரும் இல்லை, கொடியும் இல்லை. அது காதல் பாட்டு.

இன்னொன்று, நீங்கள் எல்லோரும் அதை யொஹானியின் பாட்டு என்கிறீர்கள். முதலில் 2020 இல் அதைப் பாடியவர் சதீஷன் ரத்நாயக்க. வரிகள் டுலான் ஏஆர்எக்ஸ், இசை சமத் சங்கீத். யொஹானி அடுத்த வருடம் சதீஷனோடு சேர்ந்து பாடிய வடிவம்தான் உலகம் சுற்றியது. உங்கள் மாமனார் இலையை மடித்தது அந்த மூன்று பேரின் வேலைக்கு முன்னாலும்தான், அவர்களுக்கு இதில் என்ன சம்பந்தம்?

என் அனுபவம் சின்னது. கொழும்பிலிருந்து வரும் இரவு ரயிலில் எனக்கு எதிரே விடுமுறை முடிந்து திரும்பும் கடற்படைப் பெடியன் ஒருவன். என் போன் மணியாக அந்தப் பாட்டு வைத்திருந்தேன். அது அடித்ததும் அவன் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. நான் போனை எடுத்து "அம்மா, கந்தளாய் தாண்டிட்டம்" என்று தமிழில் கதைத்தேன். அவன் பார்வையைச் சட்டென்று ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டான். கூச்சமா, வேறு எதுவுமா என்று இன்றைக்கும் எனக்குப் பிடிபடவில்லை. சீனக்குடா வரை அவன் இந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

கட்டைபறிச்சான்:

மகள், பிள்ளையைக் குற்றம் சொல்கிறேன் என்று நான் எங்கே எழுதினேன்? திரும்ப வாசியுங்கள். மாமனாருக்குச் சதீஷனும் தெரியாது, சமத்தும் தெரியாது. அவருக்குக் காதில் விழுந்தது இரண்டு சொல். கலைஞர் வேறு, குடும்பம் வேறு என்று பிரித்துப் பார்க்க, வீடு இழக்காதவர்களுக்கு இலகு. நீங்களே அந்த ரயில் பெடியனின் முகத்தை இன்னும் மறக்கவில்லையே.

பாட்டு ரீச்சர்:

சண்டை வேண்டாம். இரண்டு பேரும் சொல்வது உண்மைதான், இரண்டையும் ஒரே ஆள் மனதில் வைத்திருக்க முடியும். நான் வைத்திருக்கிறேன்.

என் சம்பவம்: பத்திரகாளி அம்மன் கோயிலுக்குப் பக்கத்தில் பிள்ளைகளுக்குச் சங்கீதம் சொல்லிக் கொடுக்கிறேன். ஒரு தாய் மகளோடு வந்து, "இவளுக்குப் படிப்பு வேண்டாம் ரீச்சர், யொஹானி மாதிரி ஆக்கிவிடுங்கோ" என்றா. பிள்ளை சாதாரண தரப் பரீட்சை எடுக்க இருக்கிற வயது. தலையைக் குனிந்துகொண்டு பாவாடை ஓரத்து நூலை இழுத்துக்கொண்டே நின்றது. அவ்வளவுதான். அந்தத் தாயிடம் அன்று அவசரத்தில் சொல்ல முடியாமல் போனதை இங்கே எழுதுகிறேன். உப்புவெளித் தங்கச்சிக்கும் பயன்படும்.

யொஹானி படிப்பை விட்டவர் இல்லை. கொழும்பு விசாகா வித்தியாலயம், பிறகு கொத்தலாவல பாதுகாப்புப் பல்கலைக்கழகத்தில் லொஜிஸ்டிக்ஸ் முகாமைத்துவப் பட்டம், அதற்கும் மேலே ஆஸ்திரேலியாவில் கணக்கியலில் முதுகலை. யூடியூப்பில் 2016 அளவிலேயே தொடங்கிவிட்டார். மற்றவர்களின் பாட்டைப் பாடி, ராப் செய்து, 'தெவியங்கே பாரே' என்ற பாட்டின் மூலம் சிங்கள ரசிகர்களிடையே பெயர் எடுத்து, அப்புறம்தான் 2021. ஒரே இரவில் வந்த புகழ் என்று பத்திரிகை எழுதும். அந்த இரவுக்கு முன்னால் ஐந்து வருடம் இருக்கிறது. வசதியான குடும்பம் என்பதையும் மறக்க வேண்டாம். மூதூரில் இருந்து வரும் பிள்ளைக்கு அந்த ஐந்து வருடத்தை யார் தாங்குவது? அதனால்தான் உயர்தரப் படிப்பை விடாதே என்று நான் பிடிவாதமாகச் சொல்வேன்.

அடுத்தது உரிமை. பிறர் பாட்டைப் பாடி யூடியூப்பில் போட்டால், அந்தப் பாட்டின் உரிமைக்காரர் விளம்பரப் பணத்தைத் தன் பக்கம் திருப்பலாம், வீடியோவையே தடுக்கவும் செய்யலாம். பார்வை உங்களுக்கு, காசு அவருக்கு. இலங்கையில் 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் இருக்கிறது. பாட்டு எழுதிய ஆளின் உரிமை அவர் வாழ்நாள் முழுதும், இறந்த பிறகு 70 வருடமும் நிற்கும். பதிவு செய்ய வேண்டும் என்றுகூட இல்லை, ஆக்கிய கணமே உரிமை பிறந்துவிடும். ஆனால் நீதான் ஆக்கினாய் என்று காட்ட ஆதாரம் வேண்டும். ஆகவே அந்தச் சாம்பல்தீவுத் தம்பி தன் பாட்டு ஒவ்வொன்றையும், போனில் என்றாலும், திகதி தெரியும்படி பதிவு செய்து தனக்குத்தானே மின்னஞ்சல் அனுப்பி வைக்கட்டும். நண்பன் வரி எழுதினால் யார் என்ன செய்தார்கள் என்று ஒரு தாளில் இருவரும் கையெழுத்து வைக்கட்டும். இந்த விஷயத்தில் சிநேகிதம் பார்க்கக் கூடாது. 2022 இல் 'தேங்க் காட்' என்ற இந்திப் படத்துக்கு இந்தப் பாட்டு போனபோது தனிஷ்க் பாக்சி அதை மறுபடி அமைத்தார், யொஹானியும் பாடினார். ஊரில் பிறந்த மெட்டு ஒன்று அவ்வளவு தூரம் போகும் என்று அதை அமைத்த நாளில் யார் நினைத்திருப்பார்கள்? அதனால் தாள் முக்கியம்.

யூடியூப்பில் விளம்பர வருமானம் வர 1,000 சந்தாதாரரும், 12 மாதத்தில் 4,000 மணிநேரப் பார்வையும் வேண்டும். குறும் வீடியோ வழி என்றால் 90 நாளில் ஒரு கோடிப் பார்வை. தமிழில், திருகோணமலையில் இருந்து, இது கஷ்டம். முடியாதது இல்லை. சனங்களுக்குத் தெரிந்த ஒரு பாட்டைப் பாடி அவர்களை நிறுத்தி வைத்து, அடுத்ததாகத் தன் பாட்டைக் கொடுப்பதை அந்தத் தம்பி விடக் கூடாது.

உப்புவெளிச் சித்தி:

ரீச்சர், மிக்க நன்றி. அக்காவின் மகனுக்கு வாசித்துக் காட்டினேன். மின்னஞ்சல் விஷயம் பிடித்துக்கொண்டான். அவன் கேட்பது: வரி அவனுடையது, மெட்டு பாதி நண்பனுடையது, நண்பன் இப்போது கனடாவில். அப்படியென்றால் தாளில் எப்படி எழுதுவது?

மூதூர் வியாபாரி, அந்த அக்காவின் குரல்பதிவை இன்னும் வைத்திருக்கிறீர்களா?

மூதூர் மீன் வியாபாரி:

பழைய போனில் இருக்கிறது, ஆனால் அந்த மனிசியிடம் கேட்காமல் இங்கே போட மாட்டேன். வியாழன் சேருநுவர போவேன், கேட்டுச் சொல்கிறேன்.

பாட்டு ரீச்சர்:

கனடா என்றாலும் பரவாயில்லை. எந்தப் பகுதியை யார் ஆக்கியது, பணம் வந்தால் எத்தனை வீதம் என்று மின்னஞ்சலில் இருவரும் எழுதி, மற்றவர் "சம்மதம்" என்று பதில் போடட்டும். பாட்டு வெளியாவதற்கு முதலே செய்ய வேண்டும். வெளியான பிறகு வீதம் கதைக்கப் போனால் நட்பும் போகும், பாட்டும் போகும்.