வெள்ளிப் பறவை மெடல் தொகுதி: 'லிமிடெட் எடிஷன்' என்பதற்காகக் கூடுதல் விலை கொடுக்கலாமா?

தூக்கணாங்குருவி (கேள்வி)

ஃபிராங்க்ளின் மின்ட் என்ற அமெரிக்கத் தனியார் நாணயசாலை 1970களில் வெளியிட்ட, கில்ராய் ராபர்ட்ஸ் வடிவமைத்த பறவை மெடல் தொகுதி ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. 50 மெடல், ஸ்டெர்லிங் வெள்ளி, ஒவ்வொன்றும் சுமார் 62 கிராம். மரப்பெட்டியும் சான்றிதழும் உண்டு. 'லிமிடெட் எடிஷன், அச்சுகளை அழித்துவிட்டார்கள், இனி வராது' என்று சொல்லி, வெள்ளி மதிப்புக்கு மேல் பாதி கூட்டிக் கேட்கிறார் விற்பவர். சில மெடல்களின் ஓரம் மஞ்சளும் நீலமுமாக நிறம் மாறியிருக்கிறது. இரண்டில் பச்சையாக ஏதோ பிசுபிசுப்பு.

இதோடு சேர்த்துத் தள்ளிவிடப் பார்ப்பவை: 24 காரட் தங்கமுலாம் பூசிய புலி, யானை மெடல்கள் பன்னிரண்டு, ஆந்தை உருவம் கொண்ட கனமான வெண்கல மெடல் ஒன்று. வெண்கலத்தின் விளிம்பில் கொம்பு மாதிரி சின்ன முத்திரை, 'BRONZE' (வெண்கலம்) என்ற எழுத்துக்குப் பக்கத்தில் 1978, அடுத்து 37/100.

மொத்தமாக வாங்கினால் திரும்ப விற்கும்போது போட்ட காசு வருமா? வெள்ளி நிஜம்தானா என்று மெடலைக் கெடுக்காமல் எப்படிப் பார்ப்பது?

உரைகல்

'லிமிடெட்' என்ற சொல்லுக்குள் குறைந்தது மூன்று விதம் இருக்கிறது. எது என்று தெரியாமல் விலை பேசாதீர்கள்.

ஒன்று, எண்ணிக்கையை முன்பே அறுதியிட்டு, ஒவ்வொன்றின் விளிம்பிலும் வரிசை எண் குத்துவது. உங்கள் 37/100 அந்த வகை. இரண்டு, தேதி வரம்பு. குறிப்பிட்ட நாளுக்குள் சந்தா கட்டிய எல்லாருக்கும் அடித்துக் கொடுத்துவிட்டு அச்சை அழிப்பார்கள். அழித்தது உண்மைதான், ஆனால் அதற்குள் எத்தனை ஆயிரம் அடித்தார்கள் என்பதுதான் கேள்வி. 1970களின் சந்தாத் தொகுதிகளில் இது வெகு சாதாரணம். மூன்று, 'அதிகபட்சம் இத்தனை' என்று பெரிய எண்ணாகப் போட்டுவிட்டு அதில் ஒரு பகுதியை மட்டும் விற்பது. இங்கே சான்றிதழில் இருக்கும் எண் உச்சவரம்பு மட்டுமே, அடித்த எண்ணிக்கை அல்ல.

இனி கணக்கு. 62.2 கிராம் என்பது இரண்டு டிராய் அவுன்ஸ் (ஒன்று 31.1035 கிராம்). 50 மெடலுக்கு 100 அவுன்ஸ். ஸ்டெர்லிங் 92.5 சதவீதம் என்பதால் சுத்த வெள்ளி 92.5 அவுன்ஸ். பேசப்போகும் நாளின் வெள்ளி விலையால் பெருக்கினால் உருக்கு மதிப்பு. மொத்த எடையையே வெள்ளி என்று வைத்துப் பேசுவது விற்பவர்களின் வழக்கமான தந்திரம், அங்கேயே ஏழரை சதவீதம் உங்கள் தலையில் ஏறிவிடும். எடை 'கிரெய்ன்' கணக்கில் அச்சாகியிருந்தால் 480 கிரெய்ன் ஒரு டிராய் அவுன்ஸ்.

உருக்கு மதிப்புக்கு மேல் பாதி கூட்டிக் கொடுப்பதை நான் ஆதரிக்க மாட்டேன். ராபர்ட்ஸ் சாதாரண ஆள் இல்லை, அமெரிக்க நாணயசாலையின் தலைமைச் செதுக்குநராக இருந்தவர், 1964 கென்னடி அரை டாலரின் தலைப்பக்கம் அவருடையது. இருந்தும் இந்தத் தொகுதிகளை வாங்க வருபவர்களில் பெரும்பாலோர் வெள்ளிக்காக வருகிறவர்கள். அவர்கள் உருக்கு மதிப்புக்குச் சற்றுக் கீழேயோ, மிஞ்சினால் சற்று மேலேயோதான் நிற்பார்கள்.

'இனி வராது' என்ற வாதத்தில் பாதி உண்மை இருக்கிறது. 1979 தொடக்கத்தில் அவுன்ஸ் ஆறு டாலர் அளவில் இருந்த வெள்ளி 1980 ஜனவரியில் 50 டாலரை நெருங்கியபோது, இந்த மாதிரி தொகுதிகள் ஏராளமாக உலைக்குப் போயின. ஆகவே இன்று எஞ்சியிருப்பது சான்றிதழ் எண்ணைவிடக் குறைவு. ஆனால் தேடுகிறவர்களும் குறைந்துபோனதால் அந்த அரிதாதல் விலையில் தெரிவதில்லை.

தங்கமுலாம் மெடல்களைத் தனியாக ஒதுக்கிவையுங்கள். 45 மி.மீ. விட்டம், 3 மி.மீ. தடிமன் உள்ள மெடலின் மொத்தப் பரப்பு சுமார் 36 சதுர செ.மீ. முலாம் 0.1 மைக்ரான் என்றால் அதிலுள்ள தங்கம் 7 மில்லிகிராம். 24 காரட் என்பது முலாமின் சுத்தம்தான், அளவு இல்லை. அடியில் இருப்பது வெள்ளியா செம்பா என்பதுதான் விலையைத் தீர்மானிக்கும். விளிம்பில் ஸ்டெர்லிங் என்றோ 925 என்றோ இல்லையென்றால் செம்புக் கலவை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

நிறைகோல்

வெள்ளியைச் சோதிக்க அமிலம் வேண்டாம், உரசவும் வேண்டாம். புரூஃப் மெடலின் (சேகரிப்பாளருக்காகத் தனியாக மெருகேற்றி அடித்தது) கண்ணாடித் தளத்தில் ஒரு கீறல் விழுந்தாலும் சேகரிப்பாளர் கைவிட்டுவிடுவார். அடர்த்தி பார்த்தால் போதும்.

0.01 கிராம் வரை காட்டும் தராசு வேண்டும். அதன் எடைத் தாங்கும் அளவு, நீரோடு கிளாஸும் மெடலும் சேர்ந்த எடைக்கு மேல் இருக்கட்டும். முதலில் மெடலை உலர்ந்த நிலையில் நிறுக்கவும். பிறகு வாலைவடிநீர் ஊற்றிய கிளாஸைத் தராசில் வைத்துச் சுழியாக்கவும். மெடலை மெல்லிய நைலான் இழையில் கட்டி, முழுவதும் மூழ்கும்படி, அடியையோ பக்கத்தையோ தொடாமல் தொங்கவிடவும். இப்போது தராசு காட்டும் எண்தான் மெடலின் கன அளவு. உலர் எடையை அதால் வகுக்கவும்.

62.2 கிராம் மெடலுக்குத் தராசு 6.00 காட்டினால் அடர்த்தி 10.37, அது ஸ்டெர்லிங்குக்குச் சரி. 7.07 காட்டினால் 8.8, உள்ளே வெண்கலம். 8.5 பக்கம் போனால் 7.3, அது வெள்ளீயக் கலவை. தவறு நேர்வது பெரும்பாலும் காற்றுக் குமிழால். நுண்வேலைப்பாடு உள்ள இறகுகளில் குமிழ் ஒட்டிக்கொண்டு கன அளவைக் கூட்டிக் காட்டும், நல்ல வெள்ளியே போலி மாதிரி தெரியும். ஒரு சொட்டுப் பாத்திரச் சோப்பு நீரில் கலந்தால் குமிழ் நிற்காது. முடிந்ததும் வெறும் வாலைவடிநீரில் அலசி, துடைக்காமல், நிறுத்திவைத்து உலரவிடுங்கள்.

ஐம்பதையும் நனைக்க வேண்டியதில்லை. எல்லாவற்றின் எடையையும் விளிம்பு முத்திரையையும் பார்த்துவிட்டு, ஏற்கெனவே கறுத்துப்போன இரண்டை மட்டும் நீரில் சோதித்தால் போதும். ஒன்று மட்டும் எடை விலகினால் அதுதான் மாற்றிவைத்த மெடல்.

காந்தத்தை நம்பி முடிவெடுக்காதீர்கள். ஒட்டினால் இரும்பு என்று தெரியும், ஒட்டாததால் எதுவும் நிரூபணமாகாது. சாய்த்த மெடலில் வலுவான காந்தம் மெதுவாக வழுக்குவதை வெள்ளியின் அடையாளம் என்பார்கள், செம்பிலும் அப்படித்தான் வழுக்கும்.

தூக்கணாங்குருவி

மிக்க நன்றி ஐயா. பச்சைப் பிசுபிசுப்பை என்ன செய்வது? நிறம் மாறியவற்றை வெள்ளி டிப் (கறை நீக்கும் திரவம்) போட்டுச் சுத்தம் செய்தால் விலை கூடுமா?

பச்சைக்கிளி

டிப் போடவே போடாதீர்கள். அது கறையை மட்டும் எடுப்பதில்லை, மேற்பரப்பு வெள்ளியையும் சேர்த்துக் கரைக்கிறது. புரூஃப் மெடலில் உருவங்கள் பனி படர்ந்த மாதிரி வெண்மையாகவும் தளம் கண்ணாடியாகவும் இருக்கும் அந்த வேறுபாடு மங்கிவிடும், திரும்ப வராது. மஞ்சள், ஊதா, நீலம் என்பது மெல்லிய வெள்ளி சல்ஃபைடு படலம். சீராக இருந்தால் அப்படியே விடுங்கள், அதைக் கேட்டு வாங்குகிறவர்கள் உண்டு.

பச்சை வேறு சமாச்சாரம். பிவிசி உறையில் மென்மைக்காகச் சேர்க்கும் எண்ணெய்ப்பொருள் காலப்போக்கில் கசியும், உறையே சிதைந்து அமிலமும் விடும். அது ஸ்டெர்லிங்கில் உள்ள ஏழரை சதவீதச் செம்பைப் பிடித்துப் பச்சையாக்குகிறது. விட்டுவைத்தால் குழி விழும். சுத்தமான அசிட்டோன், கண்ணாடிக் கிண்ணம், சன்னல் திறந்த இடம், பக்கத்தில் தீ கூடாது. பத்து நிமிடம் ஊறவிட்டு, தேய்க்காமல் எடுத்து, புதிய அசிட்டோனில் இன்னொரு முறை முக்கி உலரவிடுங்கள். நகப்பூச்சு நீக்கியில் நிறமும் வாசனையும் எண்ணெயும் கலந்திருக்கும், அது ஆகாது.

வெண்கல ஆந்தையை மட்டும் அசிட்டோன் பக்கமே கொண்டுபோகாதீர்கள். பல வெண்கல மெடல்களின் பழுப்பு நிறம் பட்டறையில் ரசாயனத்தால் ஏற்றியது, மேலே லாக்கர் பூச்சு இருக்கும். லாக்கர் திட்டுத்திட்டாகக் கரையும். பித்தளை மெருகு போட்டால் அதைவிட மோசம். வண்ணம் அச்சிட்ட மெடல்களுக்கும் இதே எச்சரிக்கை.

வாங்கினால் பெட்டியிலிருந்து மெடல்களை வெளியே எடுங்கள். கந்தகம் கசியும் நுரைப் பஞ்சும் அமில ஆவி விடும் மரமும்தான் கறுப்புக்குப் பாதிக் காரணம். பாலியெஸ்டர் அல்லது பாலிப்ரொப்பிலீன் உறை, மூடிய பிளாஸ்டிக் டப்பா, சிலிக்கா ஜெல். தொடும்போது நைட்ரைல் கையுறை, விளிம்பை மட்டும் பிடிக்க. பருத்திக் கையுறையில் இவ்வளவு கனமான மெடல் வழுக்கும். காலிப் பெட்டியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், விற்கும்போது அது வேண்டும்.

உரைகல்

அந்த ஆந்தையின் மதிப்பைப் பற்றி யாருமே சொல்லவில்லையே! கொம்பு முத்திரை என்பது வளக்கொம்பு (பழமும் பூவும் நிரம்பி வழியும் கொம்பு), 1880 முதல் பாரிஸ் நாணயசாலையின் விளிம்புக் குறி. பக்கத்தில் உலோகப் பெயரும் ஆண்டும் எண்ணும் இருந்தால், நூறே நூறுதான் அடித்தது என்பதற்கு மெடலே சாட்சி. உலோக மதிப்பு ஒன்றுமில்லைதான், ஆனால் சிற்பியின் பெயரைத் தேடி வாங்குகிறவர்களின் சந்தை அது. முகப்பில் சிற்பி கையெழுத்து இருக்கும், அதைப் படித்து அதே மெடல் ஏலங்களில் எவ்வளவுக்கு *விற்றுமுடிந்தது* என்று பாருங்கள். கேட்கும் விலைகளைப் பார்க்காதீர்கள், கேட்பதற்குக் காசில்லை.

அமெரிக்காவில் 1930 முதல் 1995 வரை 129 மெடல்கள் வெளியிட்ட சொசைட்டி ஆஃப் மெடலிஸ்ட்ஸ் கதையும் இதுதான். முதல் மெடலே லாரா கார்டின் ஃப்ரேசரின் வேட்டைக்காரனும் காட்டுப்பறவையும். வெண்கலம்தான், ஆனால் தேடுகிறவர்கள் சிற்பியைப் பார்த்துத் தேடுகிறார்கள்.

கூழைக்கடா

விற்பது பற்றி, மேலே சொன்னவர்களோடு ஓரிடத்தில் மாறுபடுகிறேன். 'உருக்கு மதிப்புதான்' என்பது முழுத் தொகுதியாக விற்கும்போது சரி. ஒவ்வொன்றாக விற்றால் கழுகு, ஆந்தை, தேன்சிட்டு போன்றவற்றை அந்தப் பறவைக்காகவே வாங்குகிறவர்கள் வருவார்கள், கூடுதலும் கொடுப்பார்கள். சிக்கல் என்னவென்றால், பத்துப் பதினைந்து போனபின் மிச்சம் நிற்பது பெயர் தெரியாத பழுப்புக் குருவிகள். அவை உருக்கு விலைக்கே போகும், உடைந்த தொகுதிக்குப் பெட்டியாலும் பயனில்லை. ஐம்பது முறை படமெடுத்து, பொதி கட்டி, காப்பீட்டோடு அனுப்பும் வேலைக்கு உங்களுக்கு நேரம் இருந்தால் மட்டும் பிரியுங்கள்.

தரச்சான்று நிறுவனத்துக்கு அனுப்பும் யோசனை வந்தால் கட்டணத்தை 50ஆல் பெருக்கிப் பாருங்கள், யோசனை போய்விடும்.

இன்னொன்று, மெடலையும் நாணயத்தையும் குழப்பாதீர்கள். உலக வனவிலங்கு நிதியத்துக்காக 1974 முதல் பல நாடுகள் வெளியிட்ட விலங்கு வரிசை முகமதிப்புள்ள நாணயம். நேபாளம் இமாலய மோனலை 25 ரூபாயிலும் சிவப்புப் பாண்டாவை 50 ரூபாயிலும் போட்டது. அவை உலக நாணய அட்டவணைகளில் இருப்பதால் வாங்குகிறவருக்கும் விற்கிறவருக்கும் பொதுவான ஒரு விலைப்புள்ளி கிடைக்கிறது. தனியார் மெடலுக்கு அது இல்லை, ஆகவே பேரம் நீளும்.

விற்பவரிடம் இப்படிப் பேசிப்பாருங்கள்: ஐம்பதுக்கும் உருக்கு மதிப்பில் 95 சதவீதம், தங்கமுலாம் பன்னிரண்டை அவரே வைத்துக்கொள்ளட்டும், ஆந்தைக்குத் தனியாக ஒரு தொகை. ஆந்தையில் கொஞ்சம் தாராளமாக விட்டுக்கொடுக்கலாம். வெள்ளியின் விலை அவருக்கும் தெரியும், அதில் இறங்க மாட்டார். ஆந்தையை அவர் 'கூடவே வைத்துக்கொள்ளுங்கள்' என்று தள்ளினால், வேறு பேச்சில்லாமல் வாங்கிக்கொள்ளுங்கள்.