2003 சுமோ ஆல்டர்னேட்டர்: பிரித்துச் சரி செய்வதா, புதிது போடுவதா?

பண்ணைக்காட்டான்

வணக்கம். வண்டி 2003 டாட்டா சுமோ, 2 லிட்டர் டீசல், ஏசி கிடையாது. ஆர்சி 2028 வரை புதுப்பித்தாயிற்று. அதுவரையாவது ஓட்ட வேண்டும். பண்ணைக்காட்டிலிருந்து வத்தலக்குண்டுக்கு வாழைத்தார் இறக்குவதுதான் முக்கிய வேலை. பெரும்பாலும் விடிவதற்கு முன்பே கிளம்பிவிடுவேன்.

கொஞ்ச நாளாக ஐடிலிங்கில் ஹெட்லைட் மங்குகிறது. ஆக்சிலேட்டர் கொடுத்தால் பிரகாசமாகிறது. வண்டி ஓடும்போதே மீட்டரில் சார்ஜிங் லைட் மினுக் மினுக்கென்று லேசாக எரிகிறது. இரண்டு நாள் நிறுத்தி வைத்தால் செல்ஃப் எடுப்பதில்லை. எலக்ட்ரீஷியன் வண்டியைப் பார்த்ததுமே "டைனமோ போச்சு" என்றார் (வண்டி ஓடும்போது பேட்டரியை சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரைத்தான் அப்படிச் சொல்கிறார்). பிரித்து வேலை பார்க்க 3,200, புதிது போட 9,500 கேட்கிறார். எதைச் செய்யலாம்?

குறடு

பார்த்ததுமே எப்படிச் சொன்னார்? மீட்டர் வைத்தாரா? பணத்தைப் பற்றி அப்புறம் பேசலாம், முதலில் அளந்து பாருங்கள். சாதாரண மல்டிமீட்டர் போதும்.

இன்ஜின் அணைந்திருக்கும்போது பேட்டரியில் 12.6 வோல்ட் சுமார் இருக்க வேண்டும். ஸ்டார்ட் செய்தால் 13.8-லிருந்து 14.4-க்குள் வர வேண்டும். ஹெட்லைட், வைப்பர் எல்லாம் போட்ட பிறகும் 13.5-க்குக் கீழே போகக்கூடாது. அடுத்து மீட்டரை ஏசி (மாறுதிசை மின்சாரம்) வோல்ட்டுக்கு மாற்றி அதே பேட்டரி முனைகளில் வையுங்கள். அரை வோல்ட்டைத் தாண்டிக் காட்டினால், ஆல்டர்னேட்டருக்குள் ஏசியை டிசியாக மாற்றும் டயோடில் சந்தேகம்.

ஆல்டர்னேட்டரின் தடித்த வயர் போல்ட்டுக்கும் பேட்டரி பிளஸ்ஸுக்கும் இடையே, இன்ஜின் ஓடும்போது லைட்டைப் போட்டு அளந்து பாருங்கள். 0.3-க்கு மேல் காட்டினால் வயர் அல்லது அதன் முனையிலுள்ள லக் அரித்திருக்கிறது, ஆல்டர்னேட்டரைக் குறை சொல்ல முடியாது. பெல்ட்டைக் கட்டைவிரலால் அழுத்தினால் ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு அமுங்கலாம், தொளதொளவென்று இருக்கக்கூடாது.

இன்ஜின் ஓடும்போது பேட்டரி டெர்மினலைக் கழற்றி "சார்ஜ் ஆகுதா பாரு" என்று யாராவது காட்ட வந்தால் விடாதீர்கள். பழைய டைனமோ காலத்துப் பழக்கம் அது. ஆல்டர்னேட்டரில் அப்படிச் செய்தால் வோல்டேஜ் எகிறி, நல்லாயிருக்கிற டயோடும், வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரும் சேர்ந்து போகும்.

பண்ணைக்காட்டான்

நன்றி அண்ணா. அணைத்து வைத்து 12.3. ஐடிலிங்கில் 13.1, லைட் போட்டால் 12.7. ஏசியில் 1.1 காட்டுகிறது. வயரில் 0.1தான், பெல்ட்டும் இறுக்கமாக இருக்கிறது.

நாலுவழிச்சாலை

ஏசி 1.1 என்றால் டயோடு போயிருக்கிறது, சந்தேகமே வேண்டாம். நானாக இருந்தால் புதிதுதான் போடுவேன். இருபது வருஷத்துச் சாமானில் இன்று டயோடு, நாளைக்கு பேரிங், அடுத்த மாதம் ரெகுலேட்டர். ஒவ்வொரு தடவையும் கூலி. நடுராத்திரி மலைப்பாதையில் லைட் இல்லாமல் நிற்பதற்கு 9,500 பெரிதில்லை.

பண்ணைக்காட்டான்

அதுவும் சரிதான். சென்னையில் ஒரு சொந்தக்காரர் புதுப்பேட்டையில் பழையது எடுத்து அனுப்புகிறேன் என்கிறார். அது எப்படி?

குறடு

புதுப்பேட்டையில் கிடைப்பதும் உங்கள் வண்டி வயசுதான் இருக்கும். உள்ளே என்ன நிலைமை என்று விற்பவருக்கும் தெரியாது. வாங்கினாலும் பிரித்து பிரஷ், பேரிங் மாற்றித்தான் போட வேண்டும், அதற்கு உங்களுடையதையே பிரிக்கலாம். எடுத்தே ஆக வேண்டுமென்றால் லேபிளில் 12 வோல்ட்தானா என்று பாருங்கள். லாரிக்கு வரும் 24 வோல்ட் பார்க்க அதே மாதிரி இருக்கும்.

ஆயில்கை

தம்பி, நான் ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடை வைத்திருந்தவன், இப்போது மகன் பார்க்கிறான். ஒன்று கேட்கிறேன். ஆல்டர்னேட்டரின் பின்பக்கம் உருண்டையாக ஒன்று மாட்டி, ஆயில் பைப் போகிறதா? அதுதான் வேக்கம் பம்ப். பிரேக் பெடலை லேசாக மிதிக்க உதவும் பூஸ்டரிலிருந்து காற்றை உறிஞ்சி வேக்கம் (வெற்றிடம்) உண்டாக்குவது அதுதான். டீசல் இன்ஜினில் பெட்ரோல் வண்டி மாதிரி மேனிஃபோல்டில் (இன்ஜினுக்குக் காற்று போகும் குழாய்) வேக்கம் கிடைக்காது, அதனால் ஆல்டர்னேட்டர் ஷாஃப்ட்டிலேயே பம்ப்பை வைத்துவிட்டார்கள்.

காலையில் பிரேக் பெடல் கட்டையாக இருக்கிறதா? ஆல்டர்னேட்டர் அடிப்பக்கம் ஆயில் ஈரம் இருக்கிறதா? இன்னொன்று, ராத்திரி நிறுத்திவிட்டு விடிகாலை ஸ்டார்ட் செய்வதற்கு முன் ஆல்டர்னேட்டரைத் தொட்டுப் பாருங்கள்.

பண்ணைக்காட்டான்

ஐயா, மூன்றுமே நீங்கள் சொன்ன மாதிரிதான். வண்டி ராத்திரி முழுக்கப் பனியில் நின்றிருக்கிறது, பானெட் ஜில்லென்று இருக்கிறது, ஆல்டர்னேட்டர் மட்டும் வெதுவெதுப்பாக இருந்தது! அடியில் கரியும் ஆயிலும் அப்பியிருக்கிறது. பெடல் முதல் மிதியில் கொஞ்சம் கட்டைதான், வயசான வண்டி என்று விட்டுவிட்டேன்.

ஆயில்கை

வெதுவெதுப்புக்குக் காரணம் டயோடு. நிறுத்தியிருக்கும்போதே பேட்டரி கரண்ட் அது வழியாகத் திரும்பி உள்ளே ஓடுகிறது. செல்ஃப் எடுக்காததற்கும் அதுதான் காரணம், பேட்டரியை மாற்றிவிடாதீர்கள்.

ஆனால் எனக்கு டயோடைவிட அந்த ஆயில்தான் கவலை. பம்ப்புக்கும் ஆல்டர்னேட்டருக்கும் நடுவில் ஷாஃப்ட்டில் ஒரு சீல் இருக்கிறது. அது தேய்ந்தால் இன்ஜின் ஆயில் உள்ளே இறங்கும். கார்பன் பிரஷ் தூளும் ஆயிலும் சேர்ந்து பசை மாதிரி ஆகி, பிரஷ் உரசி ஓடும் ஸ்லிப் ரிங்கில் படியும். அதை விட்டுவிட்டு டயோடு மட்டும் போட்டால் பணம் வீண். புதிது போட்டாலும், ஆயில் எதனால் வந்தது என்று பார்க்காவிட்டால் அதற்கும் இதே கதிதான்.

கழற்றிப் பிரித்துப் பாருங்கள், முடிவு தானாக வரும். சுழலும் பாகமான ரோட்டரின் இரண்டு ஸ்லிப் ரிங்குக்கும் நடுவே 3, 4 ஓம் வர வேண்டும். ரிங்குக்கும் பாடிக்கும் தொடர்பே இருக்கக்கூடாது. சுழலாமல் சுற்றியிருக்கும் ஸ்டேட்டரின் காயில் கறுத்து வார்னிஷ் கருகிய வாடை அடிக்கக்கூடாது. இந்த இரண்டும் நன்றாக இருந்தால் மற்றதெல்லாம் மாற்றிப் போடுகிற சாமான்: டயோடு பிளேட், பிரஷ், ரெகுலேட்டர், இரண்டு பேரிங், பம்ப் சீல் கிட். காயில் போயிருந்தால் ரீவைண்டிங் (காயிலை மறுபடி சுற்றுவது) பக்கமே போகாதீர்கள், புதிது வாங்குங்கள். நல்ல கை கிடைத்தால் ரீவைண்டிங் நிற்கும், கிடைப்பதுதான் கஷ்டம்.

கழற்றியபின் இன்ஜினை ஸ்டார்ட் செய்ய வேண்டாம். பம்ப்புக்கு வரும் பைப்பில் பிரஷரோடு ஆயில் பீய்ச்சி அடிக்கும். அதோடு பூஸ்டர் இல்லாமல் அந்த மலையில் இறங்குவது பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை.

பண்ணைக்காட்டான்

எலக்ட்ரீஷியன் கடையில் பக்கத்திலேயே நின்று பிரித்தோம். ரோட்டர் 3.4 ஓம், பாடியோடு தொடர்பு இல்லை. ஸ்டேட்டர் சுத்தம் செய்ததும் நல்ல செம்பு நிறத்தில் இருந்தது. டயோடு ஒன்று மீட்டரில் இரண்டு பக்கமும் பூஜ்ஜியம் காட்டியது, அதாவது ஷார்ட். பிரஷ் ஒன்று பாதிக்கும் கீழே தேய்ந்து, ஹோல்டரில் பசையோடு ஒட்டி அசையவே இல்லை.

முக்கியமானது பம்ப்பிலிருந்து சம்ப்புக்கு (இன்ஜின் அடியிலுள்ள ஆயில் தொட்டி) ஆயில் திரும்பும் ரப்பர் ஹோஸ். வெளியே பார்த்தால் குறையே இல்லை. வெட்டிப் பார்த்தால் உள்பக்கம் உப்பி, ஒரு தீக்குச்சி நுழைகிற அளவுக்குத்தான் வழி இருந்தது.

ஆயில்கை

அதுதான். திரும்பிப் போக வழியில்லாத ஆயில் சீலைத் தள்ளிக்கொண்டு வந்திருக்கிறது. ஹோஸ் ஆயில் தாங்குகிற ரப்பர்தானா என்று கேட்டு வாங்குங்கள், தண்ணீர் ஹோஸை வெட்டி மாட்டிவிடுவார்கள். ரெகுலேட்டர் மட்டும் கம்பெனி சாமானாக இருக்கட்டும். சென்னை பாடியில் லூகாஸ் டிவிஎஸ் இருப்பதால் நம் ஊரில் அதன் சாமானுக்குப் பஞ்சமில்லை. மலிவானதைப் போட்டால் 15 வோல்ட்டுக்கு மேல் ஏற்றிப் பேட்டரியைக் கொதிக்க வைத்துவிடும்.

நாலுவழிச்சாலை

எல்லாம் சேர்த்து எவ்வளவு வந்தது?

பண்ணைக்காட்டான்

பம்ப் கிட், ஹோஸ், ஸ்லிப் ரிங்கை லேத்தில் லேசாகக் கடைந்தது, எல்லாம் சேர்த்து 4,600. முதலில் சொன்ன 3,200-இல் பம்ப் வேலை இல்லவே இல்லை.

இப்போது ஐடிலிங்கில் 14.1. லைட், வைப்பர், ஹீட்டர் ஃபேன் எல்லாம் போட்டு 13.8. ஏசியில் 0.05 கூட இல்லை. சார்ஜிங் லைட் சாவி போட்டதும் எரிந்து ஸ்டார்ட் ஆனதும் அணைகிறது.

நாலுவழிச்சாலை

புதிதின் பாதி விலை ஆகிவிட்டதே. நான் இன்னும் புதிது பக்கம்தான்.

குறடு

புதிது போட்டிருந்தால் அந்த ஹோஸை யார் வெட்டிப் பார்த்திருப்பார்கள்? பண்ணைக்காட்டான், பெடல் இப்போது எப்படி? இன்ஜினை அணைத்துவிட்டுப் பெடல் கட்டையாகும் வரை மிதியுங்கள். காலை எடுக்காமல் ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் தானாகக் கொஞ்சம் கீழே இறங்க வேண்டும்.

பண்ணைக்காட்டான்

இறங்குகிறது அண்ணா.

ஆயில்கை

நல்லது. அடுத்த லோடுக்குப் போய் வந்ததும் ஹோஸ் கிளிப்பை ஒரு தடவை இறுக்கிவிடுங்கள், புது ரப்பர் சூட்டில் கொஞ்சம் அமுங்கும். ஆயில் அளவும் பாருங்கள்.