கார்ன்ட் பீஃப்: உண்டதும் தேடியதும்

பாஸ்டனுக்குக் குடிவந்த முதல் ஆண்டில், மார்ச் மாதம் பிறந்ததும் கடைகளில் கார்ன்ட் பீஃப் பொதிகள் குவிந்து விலையும் இறங்கியதைக் கண்டு, அயர்லாந்தின் காவல் புனிதரான பேட்ரிக்கின் நாளான 17ஆம் தேதிக்கென்று ஒன்றை வாங்கி வந்தேன். உப்புநீரில் பல நாள் ஊறிய மாட்டின் நெஞ்சுக்கறி அது. உடனிருந்த சிறு பொட்டலத்தைப் பிரித்தால் கடுகு, கொத்தமல்லி விதை, மிளகு, இலைத் துணுக்குகள். நம் அஞ்சறைப்பெட்டிச் சரக்குதானே என்ற துணிச்சலில், கறியைக் கழுவாமலேயே முட்டைக்கோஸ், உருளைக்கிழங்கோடு பானையில் போட்டு மூன்று மணி நேரம் வேகவைத்தேன். கோஸ் கூழாயிற்று, கறியோ வாயில் வைக்க முடியாத கரிப்பு.

மேல்மாடியில் குடியிருந்த ஐரிஷ் வம்சாவளி மூதாட்டி ஒருவர், மறுவாரம் என்னைத் தம் அடுப்பருகில் நிறுத்திக் கற்றுக்கொடுத்தார். கறியை நன்றாக அலசி, மூழ்கும் அளவுக்குப் புதுத் தண்ணீர் ஊற்றி, கொதி வந்ததும் தீயைத் தணித்து, நீர் மெல்ல அசையும் பதத்திலேயே வைத்திருந்தார். முள்கரண்டி தடையின்றி இறங்கத் தொடங்கிய பின்னரே கிழங்கு. இறக்குவதற்குச் சற்று முன்பு கோஸ். நார் ஓடும் திசைக்குக் குறுக்கே அவர் வெட்டியபோதுதான், என் துண்டுகள் ஏன் கயிறுபோல் இழுபட்டன என்பது விளங்கிற்று. அவருடைய கறி இளஞ்சிவப்பாக இல்லாமல் சாம்பல் நிறத்தில் இருந்தது. கறியைச் சிவப்பாக வைத்திருக்கும் நைட்ரைட் என்ற வேதிப்பொருள் சேர்க்காமல் உப்பிலேயே ஊறவைப்பது, பாஸ்டன் அடங்கிய நியூ இங்கிலாந்துப் பகுதியின் பழைய வழக்கம். சிவப்புக் கறியை அவர் ‘சாயம் போட்டது’ என்றே சொல்வார். அது சாயமன்று, வேதிவினை என்று திருத்த எனக்குத் துணிவு வரவில்லை.

*

மேலே எழுதியவர் உண்ட அதே உணவை, நான் டப்ளினில் ஒரு மார்ச் 17 அன்று தேடி ஏமாந்தேன். பரிமாறியவர், “அமெரிக்காவிலிருந்து வருகிறீர்களா?” என்று சிரித்துவிட்டு, வேகவைத்த பன்றி இறைச்சியையும் கோஸையும் பார்ஸ்லி சாஸுடன் கொண்டுவந்து வைத்தார். அயர்லாந்து வீடுகளின் வழக்கமான சாப்பாடு அதுதானாம்.

பிறகு அயர்லாந்தின் துறைமுக நகரான கார்க்குக்குச் சென்றபோதுதான் இதன் மறுபக்கம் புரிந்தது. 1660களில் ஐரிஷ் கால்நடைகள் இங்கிலாந்துக்குள் வரக் கூடாதென்று சட்டம் இயற்றப்பட்டதால், மாடுகள் அயர்லாந்திலேயே அறுக்கப்பட்டு, தானிய மணி பருமனுள்ள உப்புக் கற்களில் பதப்படுத்தப்பட்டு, பீப்பாய்களில் அடைத்துக் கப்பலேற்றப்பட்டன. அந்த உப்புக் கற்களே ‘கார்ன்’. கடற்படைக்கும் கரீபியத் தீவுகளுக்கும் கார்க் உணவு அனுப்பிய காலத்தில், உள்ளூர் ஏழைகளுக்குப் பெரும்பாலும் உருளைக்கிழங்கும் பாலுமே கிடைத்தன. 1845இல் தொடங்கிய பஞ்சத்துக்குத் தப்பி நியூயார்க் சென்றவர்களின் குடும்பங்களே, அங்குள்ள யூதக் கசாப்புக் கடைகளில் மலிவாகக் கிடைத்த உப்பூறிய நெஞ்சுக்கறியை, ஊரில் உண்ட பன்றி இறைச்சிக்கு மாற்றாக வாங்கி, விலை குறைந்த கோஸுடன் வேகவைத்தன. தாய்நாட்டில் கைக்கு எட்டாத மாட்டுக்கறி, குடியேறிய நாட்டில் அவர்களுடைய அடையாளமாயிற்று. இதை ‘போலி ஐரிஷ் உணவு’ என்று ஏளனம் செய்வோரோடு எனக்கு உடன்பாடில்லை.

*

மூன்றாவதாக எழுதும் என் அனுபவம் சிறியது. 2017இல் மார்ச் 17 தவக்கால வெள்ளிக்கிழமையாக அமைந்துவிட்டது. கத்தோலிக்கர் இறைச்சி தவிர்க்கும் நாள். அமெரிக்க ஆயர்கள் பலர் அன்று விலக்கு அளித்தனர். வேறொரு நாளில் ஈடு செய்யும்படி சிலர் கேட்டுக்கொண்டனர். என்னுடன் பணிபுரிந்த ஐரிஷ்-அமெரிக்க நண்பர் வெள்ளியன்று மதியம் இரண்டு தட்டு கார்ன்ட் பீஃபை முடித்துவிட்டு, சனிக்கிழமை முழுவதும் வெறும் ரொட்டியும் சூப்புமாகக் கழித்தார். மிஞ்சிய கறியைக் கிழங்குடன் பொடியாக நறுக்கி வதக்கி ‘ஹாஷ்’ செய்வதற்கு ஞாயிறு காலை என்னையும் அழைத்திருந்தார்.